இரண்டு விரற்கடை அறுத்த நிலைக்கால்

பதப்படுத்திய மரத்தின் நன்மைகள் என்று நம் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் நோட்டீஸை நீங்கள் இதற்குள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். கரையான் அரிக்காது, மழையில் உளுத்துப் போகாது, வெயிலில் சுடாது, பொறி பறக்காது, இரும்பைவிட எடை குறைவு, தேக்கைவிட விலை குறைவு. கடைசியாக, கண்ணுக்கு அழகு. இந்தக் கடைசி வரியை எழுதியவர் மருந்துத் தொட்டியிலிருந்து பச்சைப் பசேலென்று இறங்கும் நம் கட்டைகளை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

மற்றபடி நோட்டீஸில் பொய் இல்லை. அதை வைத்துத்தான் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இத்தனை காலம் மரம் விற்றேன். பட்டாசு ஆலைக்காரர்கள் என்னைப் பேச்சியம்மாள் என்று கூப்பிட்டதைவிட 'மரக்கட்டை அக்கா' என்று கூப்பிட்டதுதான் அதிகம். முதலில் கோபமாக வந்தது. அந்தப் பெயரைச் சொல்லி ஆர்டர் வர ஆரம்பித்ததும் கோபம் தானாகவே போய்விட்டது. வியாபாரத்தில் மானம் ரோஷம் எல்லாம் லோடு இறங்குகிற வரைக்கும்தான்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக விற்பனைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். மரத்தின் நன்மைகளைப் பற்றி எழுதுங்கள் அக்கா என்றார். நன்மைகளை நோட்டீஸே பார்த்துக்கொள்ளும். வாங்கிக்கொண்டு போனவர் அந்த மரத்தை என்ன பாடு படுத்துகிறார் என்பதைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். இருக்கன்குடி கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றோரம் ஒரு குடும்பம் நம் மிச்சக் கட்டைகளை அடுப்பில் வைத்துப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புகையும் சாம்பலும் விஷம் என்று கத்திக்கொண்டே போய்ப் பானையோடு கவிழ்த்துவிட்டேன். சாமி பானையைக் கவிழ்த்த சண்டாளி என்று எனக்குக் கிடைத்த அர்ச்சனையில், அம்மனுக்குப் பூசாரி செய்தது அன்று கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது அச்சங்குளத்துப் பக்கம் இருந்த ஒரு பட்டாசு ஆலையின் கதை.

ஆலை என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். அறைக்கு நாலு பேர் உட்கார்ந்து வெடிக்குள் மருந்து செலுத்துவார்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம் கதவுகள், அவை வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. உள்ளே ஏதாவது ஒன்று பற்றினால் யோசிக்க நேரம் கிடையாது. தோளால் கதவைத் தள்ளி வெளியே விழ வேண்டும். ஒரு மூச்சு நேரம் கதவு அடம்பிடித்தால் ஆள் கிடையாது. மற்ற ஊர்களில் கதவு திருடனை உள்ளே விடாமல் இருக்க. இந்த ஊரில் ஆளை வெளியே விட.

அந்த ஆலையின் வரிசையில் மூன்றாவது அறையில் வேலை பார்த்தவள் மாரியம்மா, என் தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த அன்றே, பந்தியில் உப்பு இல்லை என்று மாமியாரிடம் சொன்னவள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். என் தம்பி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு விபத்தில் கைவிரல்களைக் கருக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, அவள் கூலியில்தான் அந்தக் குடும்பம் ஓடியது. ஆகவே அந்த ஆலையில் புதுக் கதவு போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆர்டருக்காக மட்டும் நான் அந்த முதலாளி வீட்டு வாசலில் தவம் கிடக்கவில்லை. அவள் தள்ளப்போகும் கதவு எதுவென்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கெட்டவர் இல்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவார். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருடைய கருத்து. அந்த முறை கடைசியாகப் பேசியது நான். கதவும் அதைத் தாங்கும் நிலையும் நம் மரத்தில், கீல் பித்தளையில் என்று முடிவாயிற்று. அளவு எடுத்து, அறுத்து, துளை போட்டு, கரையான் மருந்து ஏற்றி, காய வைத்து லோடு அனுப்பினோம். கரையான் தொடாது அண்ணாச்சி, தொட்டால் என்னைக் கேளுங்கள் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

கேட்டார். மறுவருஷம் மழை முடிந்த கையோடு போன் வந்தது.

"பேச்சியம்மா, எங்கன இருக்கீக? வந்து பாருங்க, ஒங்க மரத்தோட லட்சணத்த. கரையான் கோட்டையே கட்டிருச்சு."

கிளம்பும்போதே நம் மேனேஜரும் கூப்பிட்டுவிட்டார். அவர் இப்போது இருப்பவர் அல்ல, அதற்கு முந்தியவர். வாதாட வேண்டாம், மாற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சண்டை போட்டுக் கஸ்டமரை இழப்பதைவிட நாலு நிலை நஷ்டம் பரவாயில்லை என்று எந்தக் கம்பெனியும் நினைக்கும்.

போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் அங்கே நிற்கிறார். விருதுநகரிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை. மாதிரிக்காக ஓர் இரும்புக் கதவையே ஆட்டோவில் கொண்டுவந்து மூன்றாவது அறையின் சுவரில் வெயிலில் சாத்தி வைத்திருந்தார். அண்ணாச்சி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்குத் தண்ணீர்கூட வரவில்லை. கடைசியாகப் பேசும் ஆள் மாறிவிட்டார் என்று புரிந்துபோயிற்று.

வரிசையில் எல்லா நிலைகளின் அடியிலும் கரையான் மண் ஏறியிருந்தது. சுண்டு விரலால் சுரண்டினேன். மண்ணுக்குப் பின்னால் மரத்தின் வெளித்தோல் பச்சையாக, திடமாக இருந்தது. தட்டினால் மட்டும் பொக்கென்று சத்தம். வெளியே ஒரு கடி கிடையாது, உள்ளே மட்டும் காலி. கரையான் நடுவில் இறங்க ஹெலிகாப்டரிலா வந்திருக்கும்?

"ஒரு நிலையப் பேத்துப் பாக்கணும் அண்ணாச்சி. கீழ இருந்துதான் ஏறியிருக்கு" என்றேன்.

"பேக்கவா? பூசை போட்டு வச்ச நெலைம்மா அது. அதுல கை வச்சா தொழில் வெளங்குமா?"

நிலை வைப்பதற்குப் பூசை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம்தான், எனக்குத் தெரியும். நிலை நிற்கப்போகும் குழியில் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில் தூக்கி நிறுத்துவார்கள். நிலையை வைத்த ஆசாரியைத் தேடினேன். வேறொரு அறைக்கு மேசை செய்ய வந்தவர், என்னைப் பார்த்ததும் உளியைத் தீட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே தீட்டிய உளி அது.

"ஆசாரியாரே, நிலைக்கால் எதையும் அறுத்தீகளா?"

உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். முதலாளி முன்னால் அவர் என்ன சொல்வார், பாவம். பதில் மூன்றாவது அறைக்குள்ளிருந்து வந்தது.

"அறுக்காம என்ன? மனையடிப்படி ஒசரம் சரியில்லன்னு, எல்லாக் கால்லயும் ரெண்டு வெரக்கடை அறுத்தாகள்ல. பாலையும் ஊத்தி, நவதானியத்தையும் போட்டு, கால அறுத்து வாசலையும் தொறந்து விட்டா, கரையான் வராம மொதலாளியோட மாமனாரா வருவாரு?"

மாரியம்மாதான். வேலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வரிசை முழுக்க அறைகளுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். மனையடி சாஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உயரம் சரியில்லை என்று சொன்னவரே முதலாளியின் மாமனார்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் அப்போதே தெரியும்.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. தன் ஆட்கள் முன்னால் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கரையானாவது மரமாவது.

"வெளிய வா. இன்னியோட ஒன் கணக்க முடிச்சிக்கோ. இங்கன ஒனக்கு வேல இல்ல." பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க அளவு எடுங்க. எல்லாத்துக்கும் இரும்புலயே போட்டுருவோம்."

மாரியம்மா வெளியே வந்தாள். கையிலிருந்த மருந்தைக் கழுவினாள். தூக்குவாளியை எடுத்துவர வேப்பமரத்தடிக்குப் போனாள். என்னைக் கடந்து போகும்போது ஒரு தடவை பார்த்தாள். நான் விற்ற மரத்துக்காக வாயைத் திறந்து, வீட்டின் ஒரே கூலியையும் தொலைத்துவிட்டுப் போகிறாள். அவள் எழுந்து வந்த இடத்தில் நாளைக்கு வேறொருத்தி உட்காருவாள், இரும்புக் கதவுக்குப் பின்னால்.

பட்டறைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, அத்தோடு நாடாவை எடுத்து அளந்துவிட்டுப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் போனவர்களைப் பற்றி நான் இன்னொரு புத்தகமே எழுதலாம்.

"அண்ணாச்சி, இரும்புன்னா இந்தப் பேச்சே கெடையாது. யான முட்டுனாக்கூட அசையாது. இந்தா, நீங்களே பாருங்க."

பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தார்.

அவர் உள்ளே வரும்போதே வாசலில் காவல்காரர் போனை வாங்கி வைத்துக்கொண்டார், தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவினார். அளவு எடுக்க வந்தவர் பையில் துண்டுக்கடியில் சுத்தியல் இருக்கும் என்று காவல்காரருக்குத் தோன்றவில்லை. இரும்புக் கதவு மூன்றாவது அறையின் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள் மடிக்கு முன்னால் மருந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் தரையெல்லாம் மருந்துத் தூசி, ஒரு பொறி போதும். இவர் இரும்பை இரும்பால் அடித்து உறுதி காட்டப் போகிறார். சுத்தியல் அவர் தலைக்கு மேலே போனது.

"ஏலே! கையக் கீழ எறக்காதலே!"

தூக்குவாளியோடு திரும்பி வந்துகொண்டிருந்த மாரியம்மா, ஓங்கிய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிவிட்டாள். அவள் எடைக்கு மனிதர் அப்படியே பின்னால் சரிந்தார். சுத்தியல் கரிசல் மண்ணில் பொத்தென்று விழுந்தது. வாளியிலிருந்த சோறு தரையில், புளிக்குழம்பு முழுக்க அந்த வெள்ளைச் சட்டையில்.

பட்டாசு ஆலையில் ஒரு சத்தம் கேட்டால் என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. எல்லா அறையின் கதவுகளும் ஒரே நேரத்தில் வெளியே அடித்துத் திறந்தன. பெண்கள் குதித்து ஓடினார்கள். மூன்றாவது அறையிலிருந்து ஓடிவந்த ஒருத்தியின் தோள் கதவில் படாமல் நிலையில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், நிலை கதவோடு சேர்ந்து சுவரை விட்டுக் கழன்று குப்புற விழுந்தது. அவள் அதன் மேலேயே மிதித்து ஓடிப்போனாள்.

தூசி அடங்கிற்று. ஒன்றும் வெடிக்கவில்லை. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே கிடந்த பட்டறைக்காரர் மட்டும், "என்னத்துக்கும்மா இப்படி? சட்டையப் பாரு" என்று கேட்டார்.

பேர்க்கக் கூடாது என்று சொன்ன நிலை, யாரும் கை வைக்காமல் தானே பெயர்ந்து, உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வாள் அறுத்த கோடு அப்படியே தெரிந்தது. ஓரத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம், அது கல் மாதிரி. நடுவில் மருந்து இறங்காத வெள்ளை மரம் இருந்த இடத்தில் மண். நம் மருந்து கட்டையின் வெளிச்சுற்றில்தான் இறங்கும், அறுத்தால் உள்மரம் வெளியே வந்துவிடும் என்று உங்களுக்கு இரண்டாம் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த வெள்ளை வட்டத்தைத்தான் பாலும் நவதானியமும் போட்ட குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். நிலையைச் சுவரில் பிடித்திருந்த ஆப்புகளும் ஆசாரி கைக்குக் கிடைத்த, மருந்து ஏற்றாத மரத்தில் அடித்தவை. அவற்றில் தூள்தான் மிச்சம்.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆசாரி மட்டும் வானத்தைப் பார்த்தார்.

அப்போது என் நாக்கில் வந்து நின்ற வார்த்தைகளை எழுதினால் மேனேஜர் இதை அச்சடிக்க மாட்டார். ஒரே ஒரு 'பாத்தீகளா' போதும், நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அண்ணாச்சி ஒருநாளில் இரண்டாவது முறை தன் ஆட்கள் முன்னால் தோற்றால் என்ன செய்வார் என்று யோசித்தேன். என் மரத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும், கதவு இரும்பில்தான் போடுவார். மாரியம்மா வீட்டுக்குத்தான் போவாள். எனக்கு நல்ல பெயர் வேண்டியதில்லை. அந்தக் கதவும் அவள் வேலையும்தான் வேண்டும்.

"தப்பு எங்க பேர்லதான் அண்ணாச்சி" என்றேன். "நெல வச்சுப் பூச போடுற ஊருல யாவாரம் பண்ணுறோம். ஒங்களுக்கு எந்த ஒசரம் ராசின்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அறுத்திருக்கணும். கேக்காமப் போனோம். மருந்து ஏத்துனதுக்கு அப்பறம் வாள் படக் கூடாதுன்னும் சொல்லாமப் போனோம்."

இதைச் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். சொல்லும்போதே அது முழு உண்மை என்று எனக்கே உறைத்தது. நோட்டீஸில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேனே தவிர, அந்த மனிதர் வீட்டில் யார் நாடா பிடிக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அண்ணாச்சி மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்து எழப் போனவர் பக்கத்திலிருந்த இரும்புக் கதவில் கையை ஊன்றிவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆத்தாடி, என்னமாக் கொதிக்கி!"

"காலையில இருந்து வெயில்ல நிக்கில்லா" என்றார் பட்டறைக்காரர், குழம்பைத் துடைத்துக்கொண்டே. இத்தனைக்கும் பிறகு அவர் வாயாலேயே எனக்கு ஒத்தாசை.

"உள்ள தீப்பிடிச்சா இந்தப் பிள்ளைக அதத் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய வரணும் அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டார். பிறகு தரையில் சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தார். வாளியைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாரியம்மாவைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏம்மா மாரி, சோறு கொட்டிப் போச்சுல்ல. எங்க வீட்டுல இருந்து கொண்டாரச் சொல்லுதேன். சாப்பிட்டுட்டு வேலையப் பாரு."

"குழம்புல உப்பு இருக்குமா மொதலாளி?" என்றாள் அவள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லவேளை, அண்ணாச்சி சிரித்துவிட்டார். வரிசையே சிரித்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்ததால் யாருக்கும் வேலை போகவில்லை.

ஆனால் நிலைகளை நம்ப முடியாததால், சாப்பாடு முடிந்ததும் அன்று வேலையை நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இரும்புக் கதவும் வந்த வழியே திரும்பிப் போயிற்று. நான் தாளும் பென்சிலுமாக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவரை விட்டுவிட்டு அவருடைய மாமனார் முன்னால் போய் உட்கார்ந்தேன். எந்த உயரம் ராசி, எந்த அகலம் ஆகாது என்று பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அந்த அளவில் அறுத்து, கீலுக்குத் துளையும் போட்ட பிறகுதான் கட்டைகள் மருந்துத் தொட்டிக்குள் போயின. ஆப்புகளையும் நாமே செய்து கொடுத்தோம். குழியில் பால் ஊற்றலாமா என்று பெரியவர் தயங்கிக் கேட்டார். தாராளமாக ஊற்றுங்கள், குழியில் ஒரு கல்லைப் பாவி அதற்கு மேல் நிலையை வைப்போம், பால் கல்லுக்கு, கரையானுக்கு ஒன்றுமில்லை என்றேன். அவருக்குப் பரம திருப்தி. சாஸ்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் ஆர்டர் படிவத்தில் 'அளவைச் சொல்பவர் யார்' என்று ஒரு வரி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்த வரி அச்சங்குளத்தில் பிறந்தது.

புது நிலை வைத்துக் கொஞ்ச நாள் கழித்து, காலையில் வேலை தொடங்கும் நேரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். மாரியம்மா அறைக்குள் போனாள். உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு வெளியே வீசித் திறந்தது. திரும்பச் சாத்தி, நிலையில் தோளைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். அடுத்த பக்கத்துக் கதவுக்கும் அதே மரியாதை. பிறகுதான் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். தினமும் இப்படித்தானா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். தினமும்தான் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாசலில் நின்று கேட்டேன்.

"ஏட்டி மாரி, அம்புட்டு அவநம்பிக்கையா ஏம் மரத்து மேல?"

மருந்தை அளந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ஒங்க மரத்து மேல நம்பிக்க இருக்கு மதினி. ஒங்க ஆளுக மேலதான் இல்ல."

அவள் இன்னும் அதே வரிசையில்தான் வேலை பார்க்கிறாள். இன்றைக்குக் காலையிலும் இடித்துப் பார்த்திருப்பாள். நான் ஓய்வுக்கு வந்துவிட்டேன். அவள் சொன்ன ஆட்கள் இப்போது நீங்கள்தான்.